பஸ்ராவுக்குப் போன முத்துக்கருப்பன்

1

நவம்பர் பிறந்ததும் எங்கள் ஊரில் எல்லோர் சட்டையிலும் காகிதத்தில் செய்த ஒரு சிவப்புப் பூ முளைத்துவிடும். எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது இங்கிலாந்தில், டெர்பிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிற்றூரை. வந்த புதிதில் அந்தப் பூவைப் பார்த்து ஏதோ இடைத்தேர்தல் என்று நினைத்தேன். எல்லோருமே ஒரே கட்சியாக இருக்கிறார்களே, எதிர்த்து நிற்க ஒரு ஆள்கூடவா இல்லை என்று வியந்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் பிரையன்தான் விளக்கினார். "இது விழுந்தவர்களுக்காக" என்றார். நான் அங்கே போர்ட்டர். குளியலறையில் விழுந்தவர்கள், படிக்கட்டில் விழுந்தவர்கள், நாயைக் கூட்டிப் போகையில் விழுந்தவர்கள் என்று விழுந்தவர்களையெல்லாம் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப் போவதுதான் என் பிழைப்பு. ஆகவே தொழில்முறை அக்கறையோடு, "எந்த வார்டு?" என்று கேட்டேன்.

பிரையன் சட்டையில் குத்தியிருந்த பூவைச் சரிசெய்துகொண்டார். "பெரும்பாலும் பிரான்ஸ்" என்றார். போரில் இறந்தவர்களைத்தான் இவர்கள் விழுந்தவர்கள் என்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் போர்ட்டர் ஆனதையும் சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல் நாகல் நகரில் எனக்கு ஜெராக்ஸும் எஸ்.டி.டி. பூத்தும் சேர்ந்த ஒரு கடை இருந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரிகள் நம் ஊர் நர்ஸ்களை வலை போட்டுத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் என் மனைவி ஸ்டெல்லா வலையில் விழுந்தாள். கூடவே நானும் வந்தேன். என் விசாவில் நான் யார் என்பதற்கு ஒரே சொல்தான் இருந்தது. தமிழில் சொன்னால் 'சார்ந்திருப்பவர்'. எங்கள் மகள் ஜெனிக்கும் அதே சொல். அவளுக்கு அப்போது எட்டு வயது.

2

ஜெனிக்குப் பதின்மூன்று வயதானபோது பள்ளியில் ஒரு வீட்டுவேலை கொடுத்தார்கள். ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் போர் நினைவுத் தூணில் நூறு பெயருக்கு மேல் இருக்கும். ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அந்த மனிதரைப் பற்றித் தேடி எழுத வேண்டும். ஜெனிக்கு வாய்த்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகன். இரண்டே வாரத்தில் அவரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. உயரம், மார்பளவு, மேல்வரிசையில் எந்தப் பல் இல்லை என்பது வரை ஒப்பித்தாள். என் தகப்பனாருக்கு எத்தனை பல் இருந்தது என்று எனக்கே தெரியாது.

சாப்பிடும்போது சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்: "நம்ம ஊர்லயும் இப்படி ஒரு கல்லு இருக்கு."

குடகனாற்றை ஒட்டிய எங்கள் கிராமத்தின் சாவடிச் சுவரில், பின்பக்கத்தில் பதித்த ஒரு பளிங்குப் பலகை. முதல் உலகப் போருக்குப் பிறகு அன்றைய சர்க்கார் இப்படிப் பல ஊர்களில் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் நான்கு பேர் தங்கள் உயிரை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுப்பது போல.

"அந்த நாலு பேர் பேர் என்னப்பா?"

"பேர் போடலை."

"பேர் இல்லாம எப்படி ஞாபகம் வச்சுப்பீங்க?"

"ஞாபகம் வச்சுக்கிறது இல்லை."

"அப்போ எதுக்குக் கல்லு?"

ஸ்டெல்லா குழம்புக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "நாலுங்கிறதை ஞாபகம் வச்சுக்க" என்றேன்.

ஜெனி சிரிக்கவில்லை. திண்டுக்கல்லை 'டிண்டிகுல்' என்று உச்சரிக்கும் பிள்ளை, சாம்பாரைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளை, அந்த நான்கு பேருக்காக என்மேல் கோபப்பட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஊரைப் பற்றி அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்து அவள் முன்னால் வைப்பது என்று அன்று முடிவு செய்தேன்.

3

போரில் இறந்தவர்களின் விவரங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டேன். தேன் மாதிரிக் குரலில் ஒரு பெண் பேசினார்.

"இறந்தவரின் பெயர்?"

"அதைத்தான் தேடுகிறேன்."

"பெயர் இருந்தால்தான் தேட முடியும்."

"பெயர் இருந்தால் நான் ஏன் தேடப் போகிறேன்?"

அவர் அந்தத் தர்க்கத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் கணினி ஒப்புக்கொள்ளவில்லை. ஆறுதலாக ஒன்று சொன்னார். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்த இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அங்கே பஸ்ராவில் உள்ள நினைவுச் சுவரிலேயே பெயர் கிடையாதாம். அதிகாரிகளுக்குப் பெயர், மற்றவர்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும். ஆக, எங்கள் சாவடிக் கல் ஏதோ பட்டிக்காட்டுத் தவறு இல்லை, பேரரசின் வழக்கம்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது.

ஊர்ப் பக்கம் தேடும் பொறுப்பை என் அக்காள் கணவர் சவரிமுத்து மச்சானிடம் கொடுத்தேன். அவர் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மச்சான் இரண்டு மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு எடத்துல பென்ஷன் புத்தகம் கேக்குறாய்ங்க. இன்னொரு எடத்துல, சம்பந்தப்பட்டவரு உசுரோட இருக்காருன்னு சர்ட்டிபிகேட்டு வேணுமாம்."

"செத்தவங்களைப் பத்தித்தான மச்சான் கேக்குறோம்?"

"நானும் சொன்னேனே. செத்துட்டா எதுக்கு விண்ணப்பம்னு கேக்குறாய்ங்க. நீயே வந்து பேசிக்க."

4

2004 ஆகஸ்டில் போனேன். ஜெனி வரவில்லை. நண்பர்களோடு வேல்ஸில் கூடாரம் போடப் போய்விட்டாள். ஸ்டெல்லாவுக்கு விடுப்பு இல்லை.

சாவடியின் பின்சுவரில் கல்லைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. பல வருடச் சுண்ணாம்பும், அதன்மேல் பல கட்சிகளின் சுவரொட்டிகளும் அதை மூடியிருந்தன. தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது பஞ்சாயத்துத் தலைவர் தங்கவேல் வந்தார். என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். செத்துப்போன நாலு பேரோட வாரிசுகளைத் தேடறேன் என்று நான் சொன்னதாக எனக்கு ஞாபகம். லண்டன்காரன் வாரிசுகளைத் தேடுகிறான் என்பது மட்டும்தான் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் அது வளர்ந்து, போரில் செத்தவர்களின் வாரிசுக்கு வெள்ளைக்காரன் விசா கொடுக்கிறான் என்று ஆகிவிட்டது. டெர்பி எங்கே இருக்கிறது என்று விளக்குவதை நான் எப்போதோ விட்டிருந்தேன். விசாவையும் விளக்கிப் பார்த்தேன். நானே பெண்டாட்டியைச் சார்ந்து போனவன், என்னால் ஒரு பூனைக்குட்டியைக்கூடக் கூட்டிப் போக முடியாது என்றேன். தன்னடக்கம் என்று பாராட்டினார்கள்.

மறுநாள் காலையில் அக்காள் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. நான்கு பேர் இறந்த போரில் எங்கள் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் இறந்திருந்தார்கள்.

ஐ.டி.ஐ. முடித்த ஒரு இளைஞன், தன் பூட்டன் வெள்ளைக்காரனுக்காக மார்பில் குண்டு வாங்கி இறந்ததைக் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, உங்க பூட்டன் தென்னை மரத்துலேருந்து விழுந்துல்ல செத்தாரு?"

இளைஞன் கொஞ்சமும் அசரவில்லை. "பட்டாளத்துல சேரணும்னுதான் ஏறிப் பழகுனாரு" என்றான்.

பிரையன் இருந்திருந்தால் இவரையும் விழுந்தவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

தங்கவேல் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். "அண்ணே, ஒரு யோசனை. பழைய கல்லுல ஒண்ணும் தெரியலை. கருப்பு கிரானைட்ல புதுசா ஒண்ணு வச்சுருவோம். பதினோரு பேரும் போட்றலாம்."

"சர்க்கார் கல்லுல நாலுன்னுதானே இருக்கு?"

"வெள்ளைக்காரன் கொறைச்சுத்தான் காட்டிருப்பான்ணே" என்றார். வரலாற்று ஆய்வாளர்களும் இதே கருத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது இல்லை.

5

இங்கிலாந்து திரும்பும் முன் ஒரு நாள் காலையில் மச்சானின் கடையில் உட்கார்ந்து இந்தக் கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே, எங்கள் ஊர்ப் பாக்கியம் அக்கா தன் பூவுக்கு எடை போடக் காத்து நின்றார். அறுபது வயதை ஒட்டியவர். ஆற்றோரம் அவர்களுக்கு மல்லிகைத் தோட்டம் உண்டு. வாசலில் செருப்பு விட்டவர்களில் அவர் வீட்டார் யாரும் இல்லை.

நான் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார். "தம்பி, செத்தது யாருன்னு இப்போ பதினோரு வீட்டுக்காரவுங்க கை தூக்குறாங்க. அன்னைக்கு ஒரு வீட்லயும் தூக்கலை. தெரியுமா?"

"ஏன்க்கா?"

"கல்லுல எத்தனை போட்டிருக்கு?"

"நாலு."

"திரும்பி வராதது ஏழு பேரு."

எனக்கு விளங்கவில்லை. மச்சான் தராசை நிறுத்திவிட்டார்.

"ஏழு பேரு வரலை. நாலு பேருதான் செத்தாங்கன்னு சர்க்காரே கல்லு வச்சிருக்கு. அப்போ மூணு பேரு எங்கனயோ உசுரோட இருக்காங்கன்னுதான அர்த்தம்? ஏழு வீட்லயும், நம்ம ஆளு அந்த மூணுல ஒண்ணுன்னு வச்சுக்கிட்டாங்க. ஏழு பொம்பளைகளும் பூவும் பொட்டுமாத்தான் இருந்தாங்க. கல்லுல பேரு போடாம விட்டது பெரிய உபகாரம் தம்பி. நீங்க போயி அதைத் தோண்டுறீங்க."

பாக்கியம் அக்காவின் மாமியாருக்குத் தகப்பனார் முத்துக்கருப்பன். அந்த ஏழு பேரில் ஒருவர். அவர் மனைவி காளியம்மாளைப் பாக்கியம் அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்திருக்கிறார். கைக்குழந்தையோடு விட்டுப் போனவருக்காக, அந்தக் குழந்தை பேரன் பேத்தி எடுக்கும்வரை காளியம்மாள் மஞ்சள் பூசிக் குளித்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கார்லேருந்து சேதி எதுவும் வரலையாக்கா?"

"தபால்காரரு வந்தாராம். ஊரு எல்லையிலயே மறிச்சு, எங்களுக்குத் தபால் போட ஆளு இல்லைன்னு திருப்பி அனுப்பிருச்சாம் அந்தம்மா. மூணு தடவை வந்திருக்காரு. மூணு தடவையும் வெளக்குமாத்தோட நின்னுருக்கு. வாங்கலைன்னா வரலைன்னுதான தம்பி?"

"அப்புறம் அவரு எங்க இருக்கறதா நினைச்சாங்க?"

பாக்கியம் அக்காவுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "பஸ்ராவுல. அங்க ஒருத்தியச் சேர்த்துக்கிட்டு இருக்காருன்னு. வெள்ளிக்கிழமையானா வெளக்கேத்தி கும்புட்டுட்டு, மேக்க பாத்து நின்னு அந்தப் பஸ்ராக்காரியத் திட்டும் பாருங்க, தெருவே காதைப் பொத்தும். என் குடியக் கெடுத்தவளே, உன் கூந்தல்ல கொள்ளி வைக்கன்னு. சாகுறதுக்கு மொத நாளுகூடத் திட்டுச்சு. போகும்போது சுமங்கலியாத்தான் போச்சு. மஞ்சள் குளிப்பாட்டி, பூ வச்சு, ஊரே கால்ல விழுந்து கும்புட்டு அனுப்புனோம்."

பாக்கியம் அக்கா பூவுக்கான காசை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"எங்க வீட்டாளைத் தேடாதீங்க தம்பி. புதுக் கல்லுலயும் போட வேணாம்னு தலைவர்ட்டச் சொல்லிட்டேன். எங்க வீட்ல யாரும் சாகலை."

"சரிக்கா" என்றேன்.

6

டெர்பிக்குத் திரும்பி வந்து ஜெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேல்ஸில் பெய்த மழையைப் பற்றி அவள் சொல்லி முடித்த பிறகுதான் என் முறை வந்தது. முத்துக்கருப்பன் என்ற பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டச் சொன்னாள். அதோடு சரி.

அடுத்து வந்த பொங்கலுக்கு மச்சான் மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பினார். தங்கவேல் சொன்னபடியே செய்துவிட்டார். சாவடி முகப்பில் கருப்புக் கல். பதினோரு பெயர்களும் இருந்தன, தென்னை மரத்துக்காரர் உட்பட. திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், இவற்றுக்கெல்லாம் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், 'முயற்சி: லண்டன் ஆரோக்கியசாமி' என்று என் பெயர். நிஜமாகவே போய் வராத ஏழு பேரில் ஒருவர் பெயரும் அந்தக் கல்லில் இல்லை என்று மச்சான் எழுதியிருந்தார்.

அந்த வருடங்களில் இங்கே தினமும் தொலைக்காட்சிச் செய்தியில் பஸ்ரா வரும். மறுபடியும் வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே போயிருந்தது. பிரையனின் அக்காள் மகனும் அங்கேதான் இருந்தான். பிரையன் கையைப் பிசைந்துகொண்டு டாங்கிகளைப் பார்ப்பார். நான் சந்தைக் கூட்டத்தில் கருப்பு அங்கியோடு கடந்து போகும் பெண்களைப் பார்ப்பேன். இவர்களில் யாராவது அந்தப் பஸ்ராக்காரியின் பேத்தியாக இருப்பாளோ என்று தோன்றும். உண்மையில் அப்படி ஒருத்தி இருக்க வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. பிரையனிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மருமகன் நல்லபடியாகத் திரும்பி வந்தான்.

7

ஜெனி லண்டனுக்குப் படிக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், அதுவும் அம்மாவோடு. என்னோடு பேசுவது, "அப்பா, நல்லா இருக்கீங்களா, சரி வைக்கிறேன்" என்கிற அளவில். முதல் வருடக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அழைத்தாள். செவ்வாய்க்கிழமை என்றதும் எனக்குப் பதறிவிட்டது.

"அப்பா, ஆளு கிடைச்சிட்டார்."

"எந்த ஆளு?"

"முத்துக்கருப்பன். பழைய பட்டாளப் பதிவேடுகள்ல மூணு விதமா ஸ்பெல்லிங் போட்டுப் பார்த்தேன். நாலாவது எழுத்துக்கூட்டல்ல இருக்கார்."

அப்பா பெயர், ஊர், திண்டுக்கல் தாலுகா, மதுரை ஜில்லா எல்லாம் ஒத்துப்போயின. அவர் சிப்பாய்கூட இல்லை. பட்டாளத்துக்குச் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டுகிற ஆள். பஸ்ரா ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்திருக்கிறார். போன அடுத்த வருடமே.

"ஜெனி, தேட மாட்டேன்னு நான் அவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கலையே" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அவருக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சுப்பா. அதான்."

இரண்டு நாள் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டே யோசித்தேன். சொன்னால், சுமங்கலியாகப் போன ஒருத்தியை இறந்த பிறகு விதவையாக்கியது போல. சொல்லாவிட்டால், அந்த வீட்டுச் சாவு என் வீட்டு அலமாரியில் கிடக்கும். ஸ்டெல்லாவிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் சாவுச் செய்தி சொல்லும் வேலை அவளுடையது.

"நாம சொல்றதா வேண்டாமாங்கிறது நம்ம இஷ்டம் இல்லைங்க. அது அவங்க வீட்டுச் சேதி" என்றாள். "சொல்லும்போது இழுக்காதீங்க. அழகா சொல்லணும்னு நெனைக்காதீங்க."

சனிக்கிழமை காலையில், அங்கே மதியம் சாய்ந்த நேரத்தில், பாக்கியம் அக்காவின் மகனுடைய செல்பேசிக்குப் போட்டேன். அக்காவே எடுத்தார்.

"யாரு, லண்டன் தம்பியா? சாப்டியளா?"

"சாப்பிட்டேன்க்கா. ஒரு விசயம்..."

எங்கோ ஒரு மோட்டார் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

"கெடைச்சிட்டாரா?" என்றார்.

"ஆமாக்கா. என் மக தேடிக் கண்டுபிடிச்சிட்டா."

"உசுரோடயா?"

முத்துக்கருப்பன் உயிரோடு இருந்தால் நூற்றுப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அது பாக்கியம் அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார். நானும், அது ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை என்பது போலவே பதில் சொன்னேன்.

"இல்லைக்கா. காய்ச்சல்ல இறந்துட்டாரு. போன அடுத்த வருசமே."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்போ அந்தப் பஸ்ராக்காரி?"

"அப்படி யாரும் இருந்திருக்க மாட்டாங்கக்கா."

"அடியாத்தி" என்றார். "ஒரு பாவமும் அறியாதவளை அம்புட்டு வசவு வஞ்சுருச்சே அந்தம்மா."

கல்லில் பெயர் போடச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தேதி தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். தமிழ் மாதம் என்ன வரும் என்று கேட்டார். ஆவணி என்றேன். திருப்பிச் சொல்லி மனதில் வைத்துக்கொண்டார்.

"என்ன வயசாம் அவருக்கு?"

"இருபத்திரண்டு."

"இருபத்திரண்டா?"

"ஆமாக்கா."

"படம் கெடையாது. அந்தம்மாவை நாங்க கெழவியாத்தான பாத்தோம்? அவரும் அங்கன தலை நரைச்சு, கம்பு ஊண்டி உக்காந்திருக்காருன்னே நெனைச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. எங்க கடைசிப் பயலுக்கு இருபத்தி நாலு. அவனைவிட எளைய பிள்ளையால்ல இருந்திருக்கான்."

அதுவரை 'அவரு' என்றவர் 'அவன்' என்று மாறியிருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உங்கள் மகளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார். பிறகு செல்பேசியை அணைக்கத் தெரியாமல் அப்படியே எங்கோ வைத்துவிட்டார் போல. கொலுசுச் சத்தம் கிட்டே வந்தது. மருமகளாக இருக்க வேண்டும்.

பாக்கியம் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏத்தா, உலைய எறக்கு. எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்தணும். நம்ம வீட்ல சின்னப் பிள்ளை ஒண்ணு செத்துப்போச்சு."